ஒரு பாகை நீளக் கடற்கரை



வரைபடத்தில் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் நடுவே ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அட்சரேகையில் மட்டும் ஒரு பாகை வித்தியாசம். அதாவது 60 கடல் மைல், நம் கணக்கில் சுமார் 111 கிலோமீட்டர். இந்தச் சின்ன நீளத்தில் போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், டேனியர், பிரெஞ்சுக்காரர் என்று ஐந்து நாட்டார் வந்து கடை விரித்தார்கள். ஐந்து பேருக்கும் இங்கே அப்படி என்ன இருந்தது?

புத்தகங்கள் சொல்லும் பதில் துணி. உள்நாட்டில் நெசவாளர்கள் இருந்தார்கள், நாயக்கர்களும் மராட்டியர்களும் இடம் கொடுத்தார்கள், கம்பெனிகள் வந்தன. இது சரிதான். ஆனால் துணி நெய்த இடத்திலிருந்து கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்ற கேள்வியைப் பல புத்தகங்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. அந்த இரண்டு வரிக்குள்தான் இந்தக் கரையின் சரித்திரம் பாதி இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் இரண்டு முறை காரைக்காலுக்கு மாற்றலாகிப் போனவன். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக அந்தப் பேருந்தில் நூறு தடவைக்குக் குறையாமல் போயிருப்பேன். ஜன்னலில் வயல் தெரியும், கோபுரம் தெரியும், பெட்டிக்கடை தெரியும். கடல் பெரும்பாலும் தெரியாது. ஆனால் அந்தக் காலத்துப் பயணிகள் இந்த ஊர்களையெல்லாம் முதலில் பார்த்தது கடலிலிருந்துதான். அதே பக்கமிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக இருந்தது. போன மாசி மாதம் அது நிறைவேறியது.

நாங்கள் நான்கு பேர், எல்லோரும் பிரெஞ்சு வழிப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள், எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஒருவர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. இன்னொருவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மூன்றாமவர் வீராம்பட்டினத்துக்காரர். அவர் மகனுடையதுதான் படகு. 32 அடி ஃபைபர் படகு, உள்ளே டீசல் எஞ்சின். மணிக்கு ஏழெட்டு கடல் மைல் போகும். யார் யார் போகிறோம், எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று விவரமாக எழுதி, சம்பந்தப்பட்ட இடங்களில் முன்கூட்டியே கொடுத்தோம். அந்த வேலை என்னிடம் விடப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம்.

கரையிலிருந்து ஒரு மைல் வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால் முதலில் புரிவது ஒன்று: இந்தக் கரையில் ஒதுங்க இடமே இல்லை. மேற்குக் கடற்கரையில் கொச்சி இருக்கிறது, மும்பை இருக்கிறது, நிலம் கடலை அணைத்துக்கொண்டு நிற்கும். இங்கே மணல் ஒரே கோடு. மலை இல்லை, முனை இல்லை, குடா இல்லை. வங்கக் கடலின் அலை நேராக வந்து கரையில் உடைகிறது. பெரிய கப்பல் கிட்டே வந்தால் தரை தட்டும். ஆகவே கரைக்கு வெகு தூரத்தில் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அந்த இடத்துக்கு பிரெஞ்சில் 'ராத்' என்று பெயர். 1674 முதல் பிரான்சுவா மர்த்தேன் வளர்த்த புதுச்சேரி, அவருக்குப் பின் துய்ப்ளே ஆண்ட புதுச்சேரி, இரண்டுக்கும் துறைமுகம் கிடையாது. வெறும் ராத்தான்.

கப்பலுக்கும் கரைக்கும் இடையே இருந்த அந்த ஒரு மைலைக் கடக்க ஐரோப்பியர் படகு உதவவில்லை. ஆணி அடித்த கெட்டியான படகு அலை உடையும் இடத்தில் தரையில் மோதினால் பிளந்துவிடும். நம் ஆட்கள் வைத்திருந்தது வேறு மாதிரி. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. ஆணியும் கிடையாது, உள்ளே விலாச் சட்டமும் கிடையாது. அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும், உடையாது. சென்னைப் பக்கம் அதை மசூலா என்றார்கள். எங்கள் பக்கம் சலங்கு. இந்தச் சொல்லை பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெலேங்' என்று எழுதினார்கள். கட்டுமரத்துக்கு 'கத்திமரோன்'. பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்புப் போட, பின்னால் தண்டையல் நின்று அலையைப் பார்த்துக் குரல் கொடுப்பான். கவர்னரானாலும் சரி, வெள்ளிக் காசுப் பெட்டியானாலும் சரி, நீலத் துணி மூட்டையானாலும் சரி, சலங்கில் ஏறாமல் கரைக்கு வந்ததில்லை, கரையை விட்டுப் போனதில்லை.

ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு 1736-ல் தொடங்குகிறது. அதைப் படித்தவர்களுக்குத் தெரியும், எந்தக் கப்பல் தென்பட்டது, எப்போது நங்கூரம் போட்டது, எத்தனை பீரங்கி மரியாதை என்பது அதில் வந்துகொண்டே இருக்கும். ஊரே கடலைப் பார்த்துக் காத்திருந்தது.

கப்பல்கள் ஆண்டு முழுவதும் இங்கே நிற்கவும் முடியாது. ஐப்பசி பிறந்தால் புயல் காலம். பிரெஞ்சுக் கப்பல்கள் மொரீஷியஸ் தீவுக்கும், ஆங்கிலக் கப்பல்கள் பம்பாய்க்கும் போய்விடும். போகாதவர்கள் அனுபவித்தார்கள். 1746-ல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே, அக்டோபரில் ராத்தில் நின்ற தன் கப்பல்களில் பலவற்றைப் புயலுக்குக் கொடுத்தார். 1761 ஜனவரி முதல் தேதி புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் மேல் புயல் அடித்தது. சில மூழ்கின, சில கரையில் வீசப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். முற்றுகை உடைந்தது. ஆனால் அந்த இடைவெளியைப் பயன்படுத்த பிரெஞ்சுக்காரரிடம் கப்பல் இல்லை. சில நாளில் மீதிக் கப்பல்களுடன் ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள். ஜனவரி நடுவில் ஊர் சரணடைந்தது. பிறகு இடித்துத் தரைமட்டம் ஆக்கப்பட்டது.

எங்கள் படகு தேவனாம்பட்டினத்துக்கு நேரே வரும்போது வெயில் ஏறிவிட்டது. இங்கே இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690-ல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுற்றிலும் சுட்டு, குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் வாங்கினவர்களுக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஊர் இருக்கிறது. ஆசிரியர் நண்பர் இதைச் சொன்னதும் படகு ஓட்டும் பிள்ளை, "ஐயா, கடல் பக்கம் சுடலையா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கடல் பக்கம் அளந்து வாங்க ஒன்றும் இல்லை. அங்கே அதிகாரம் பீரங்கியிடம் இல்லை, அலையிடம் இருந்தது.

இதே கடலூருக்கு எதிரே 1783 ஜூன் 20-ம் தேதி பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் கடைசியாக மோதினார்கள். ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதல் உடன்படிக்கையில் அந்த ஜனவரியிலேயே கையெழுத்து ஆகிவிட்டது. செய்தி வந்து சேரவில்லை. ஐந்து மாதம் கழித்து, முடிந்துபோன யுத்தத்துக்காக இங்கே ஆட்கள் செத்தார்கள். எங்கள் சொல்தா நண்பர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் இருந்த உத்தியோகம் அப்படி.

மதியத்துக்கு மேல் பரங்கிப்பேட்டையை நெருங்கினோம். பழைய மாலுமிகள் இந்த இடத்தில் கரையில் ஒன்றும் தேட மாட்டார்கள், உள்ளே தள்ளித் தெரியும் சிதம்பரம் கோபுரங்களைத்தான் தேடுவார்கள். தட்டையான கரையில் அவைதான் அடையாளம். சொல்தா தனக்குத் தெரிகிறது என்றார். மற்ற மூவருக்கும் புகைமூட்டம்தான் தெரிந்தது.

வெள்ளாற்று முகத்துவாரத்தில் மணல் திட்டு. அதன் மேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. பிள்ளை எஞ்சினைக் குறைத்துவிட்டு எழுந்து நின்றான். கையில் ஜி.பி.எஸ். இருக்கிறது, அதைப் பார்க்கவில்லை. பின்னால் வரும் அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய அலைகள் சில சேர்ந்து வரும், பிறகு கொஞ்சம் தணியும். அவன் அப்பா அணியத்தில் உட்கார்ந்து, கையை மட்டும் தூக்கி "இரு, இரு" என்று காட்டினார். நாங்கள் மூவரும் பலகையைப் பிடித்துக்கொண்டோம். மூன்று தடவை வந்த அலைக் கூட்டத்தை விட்டுவிட்டார்கள். நான்காவது முறை பெரியவர் கையை இறக்கினார். எஞ்சின் அலறியது, ஓர் அலையின் முதுகிலேயே ஏறிப் படகு உள்ளே வந்துவிட்டது. எல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்லை. உள்ளே ஆறு குளம் போல் இருந்தது.

எஞ்சின் வந்தும், ஃபைபர் வந்தும், வானத்திலிருந்து வழி சொல்லும் கருவி வந்தும், கடைசி நூறு மீட்டருக்கு ஒரு கிழவரின் கை தேவைப்பட்டது. சலங்கின் பின்னால் நின்ற தண்டையல் செய்ததும் இதைத்தான்.

1782-ல் சுஃப்ரேன் கொண்டுவந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் இந்தப் பரங்கிப்பேட்டையில்தான் இறங்கினார்கள். அதற்கு முந்தைய வருஷம் இதே ஊர்ப் பக்கம் ஹைதர் அலி ஆங்கிலத் தளபதி கூட்டிடம் தோற்றிருந்தார். கூட்டின் படைக்கு அரிசி கடல் வழியாக வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹைதரிடம் குதிரைப்படை இருந்தது, நாடு இருந்தது, கடல் இல்லை. அதற்குத்தான் பிரெஞ்சுக் கப்பல்கள் தேவைப்பட்டன. சுஃப்ரேனிடம் கப்பல் இருந்தது, துறைமுகம் இல்லை. ஒடிந்த பாய்மரத்தைத் திறந்த கடலில் நின்றபடி மாற்றினார். ஒரு வருஷத்துக்குள் ஹியூஸோடு நான்கு சண்டை போட்டார். திருகோணமலைத் துறைமுகம் அவர் கைக்கு வந்தது ஆகஸ்ட் கடைசியில்தான். எங்கள் ஊரில் சுஃப்ரேன் பெயரில் வீதி இருக்கிறது. பள்ளியில் அவருடைய வெற்றிகளை வரிசையாக ஒப்பித்தோம். அவருடைய ஆட்களை அலை தாண்டி இறக்கிவிட்டவர்கள் யார் என்பது பாடத்தில் இல்லை. லுவார் ஆறு ழெர்பியே தெ ழோங் மலையில் தோன்றுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். வெள்ளாறு எங்கே கடலில் சேர்கிறது என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை.

அன்றிரவு பரங்கிப்பேட்டையில் தங்கினோம். மறுநாள் கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு, திருமுல்லைவாசல், பூம்புகார் எல்லாம் வலப்பக்கம் ஒவ்வொன்றாகக் கழிந்தன. காவிரி கடலில் சேரும் இடத்தைக் கடலிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான். பட்டினப்பாலையில் வந்த துறை இதுதானா என்று ஆசிரியர் நண்பர் இரண்டு தடவை கேட்டார். ஆறு மணலைக் கொண்டுவந்து கொட்டும், கடல் எடுத்துக்கொண்டு போகும். இரண்டில் எது கை ஓங்குகிறதோ, அதன்படி துறை வாழும் அல்லது சாகும்.

தரங்கம்பாடி இதற்கு நல்ல சாட்சி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனியர் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில், 1306-ம் ஆண்டில் பாண்டியர் காலத்தில் கட்டியது. அதன் முன்பக்கத்தைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. கட்டினவர்கள் அலைக்குப் பக்கத்திலா கட்டியிருப்பார்கள்? ஊர் கடலிடம் போகவில்லை, கடல்தான் ஊருக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரை முழுவதையும் என்ன செய்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. வீராம்பட்டினத்து நண்பர் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

அங்கிருந்து காரைக்கால் கூப்பிடு தூரம். தஞ்சை மராட்டியரிடமிருந்து 1739-ல் பிரெஞ்சுக்காரர் பெற்ற ஊர். அரசலாற்று முகத்துவாரத்தில் நுழையும்போது என் நினைவுக்கு வந்தது கவர்னர்கள் அல்ல, கூலிகள். 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் நம் ஆட்களை மர்த்தினிக் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த வருஷம் அதே கப்பல் குவாதலூப்புக்கு. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் போனார்கள். குவாதலூப்புக்கு மட்டும் 40,000-க்கு மேல், மர்த்தினிக்குக்கு 25,000 அளவில். ரெயூனியோன் கணக்குத் தனி. பலர் திரும்பவில்லை. கடலையே பார்த்திராத உள்நாட்டுக் குடியானவர்களுக்குச் சொந்த ஊரில் கடைசியாகக் கேட்ட தமிழ் தண்டையலின் குரலாக இருந்திருக்கும். அவர்களை அலை தாண்டிக் கொண்டுபோனவரும் தமிழர்தான், அவர்களைப் போலவே கூலிக்காரர்தான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சலங்கின் தயவில்லாமல் சரக்கு ஏற்ற வேண்டும் என்று 1866-ல் புதுச்சேரியில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் திறந்தார்கள். 1952 புயலில் அது போனது. அதற்குத் தெற்கே பிறகு கட்டிய பாலத்திலும் 2022-ல் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு பக்கமும் கருங்கல்லைக் கொட்டி அலைத்தடுப்புக் கட்டினார்கள். முந்நூறு வருஷமாக இல்லாத துறைமுகம் வந்துவிட்டது. நாங்கள் புறப்பட்டதும் அங்கிருந்துதான், திட்டில் மாட்டாமல் சுகமாக வெளியே வந்தோம். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே. மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். அந்த ஓட்டத்தில் மணலும் வடக்கே நடந்துகொண்டே இருக்கும். குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே மணல் பட்டினி கிடக்கும். அப்படியேதான் நடந்தது. தேங்கும் மணலை வாரி வடக்கே போட வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே திட்டத்தில் இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. நான் பையனாக இருந்தபோது காந்தி சிலைக்கு எதிரே மணலில் ஓடிப் பிடித்து விளையாடியிருக்கிறோம். பிறகு வந்த பிள்ளைகள் கருங்கல்லைத்தான் பார்த்தார்கள். ஓரிடத்தில் கல் போட்டால் அரிப்பு அதற்கு வடக்கே நகர்கிறது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், எல்லை தாண்டித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று வரிசையாகப் படகு ஏற்ற மணல் இல்லாமல் போனது. 2018-க்குப் பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணலைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல காரியம். மாலையில் கூட்டம் போய் நிற்கிறது.

மணல் எங்களைப் போல நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு சுகம், அவ்வளவுதான். மீனவருக்கு அதுதான் துறை, அதுதான் வலை காயும் இடம், அதுதான் படகு நிறுத்தும் இடம். ஐந்து நாட்டுக் கம்பெனிகளையும் இந்தக் கரையில் ஏற்றி இறக்கிய கூட்டத்தின் வாரிசுகளுக்கு, படகை ஏற்றி வைக்க முப்பது அடி மணல் இல்லை என்பது சரித்திரத்தின் பெரிய அநியாயங்களில் ஒன்று என்றே நினைக்கிறேன். கல் கொட்டுவதற்கு முன் அந்தந்தக் குப்பத்துப் பெரியவர்களைக் கூப்பிட்டு, மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டு, அதைக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதியவன் சொல்கிறேன், இது அரைப் பக்க வேலை.

அடுத்த முறை பேருந்தில் காரைக்கால் போகிறவர்கள் தரங்கம்பாடியில் இறங்கி, கோட்டையைப் பார்த்த பிறகு கோயில் பக்கமும் போய்ப் பாருங்கள். அங்கே அலை எந்த இடத்தில் உடைகிறது என்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வலை பின்னும் யாரையாவது, அவர் தாத்தா காலத்தில் அது எங்கே உடைந்தது என்று கேளுங்கள். சொல்வார்கள்.